‘அதியமான்கோட்டை’... கால் நொடியில் மூளை எப்படிப் படிக்கிறது?

சேலத்தில் இருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் போனால், ஊர் நெருங்கும் நேரத்தில் ‘அதியமான்கோட்டை’ என்ற பெயர் கண்ணில் படும். மொத்தம் எட்டு எழுத்து. ஆனா நீங்க எழுத்துக்கூட்டிப் படிக்க மாட்டீங்க. கால் நொடியில் பெயர் மனசுக்குள் ஒலிச்சிடும்.

இதுக்குக் காரணம், மூளையின் இடதுபக்கம், பின்னால் அடிப்புறமாக இருக்கும் ஒரு சின்னப் பகுதி. ஸ்டானிஸ்லாஸ் தெஹான், லோரன் கோஹன் உள்ளிட்ட பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2000-ல் இதை விவரித்தார்கள். எழுத்து பிறந்து சுமார் 5,000 வருஷம்தான் ஆகுது. அதுக்குன்னு தனி இடத்தோடு யாரும் பிறப்பதில்லை. முகம், பொருள்களை அடையாளம் காணும் பகுதியில் கொஞ்சத்தைப் படிக்கும் பழக்கம்தான் எழுத்துக்கு மாத்துது. நல்லா படிக்கிறவங்க சொல்லை போட்டோ மாதிரி பார்க்கிறாங்கன்னு நினைக்காதீங்க. எல்லா எழுத்தையும் மூளை ஒரே நேரத்தில் அலசுது, அவ்வளவுதான்.

டிஸ்லெக்சியா உள்ளவங்களுக்கு இந்தப் பகுதி குறைவாகவே இயங்குது. எழுத்து ஆடும், தலைகீழாத் தெரியும்னு சினிமா பார்த்து நம்பிட்டோம். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, எழுத்தை ஒலியோடு இணைப்பதில் இருக்கு. பத்து முறை பார்த்த சொல்லும் புதுசு மாதிரியே வந்து நிற்கும்.

“தமிழ்ல எழுதுறபடியே படிக்கலாம், இங்க எதுக்கு டிஸ்லெக்சியா?” என்ற கேள்வி வரும். 2001-ல் பாலேசு குழு இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து வாசகர்களை ஸ்கேன் செய்தது. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் இத்தாலியனில் பிழை குறைவு. ஆனால் மூளையில் தெரிந்த குறைபாடு மூன்று நாட்டினருக்கும் ஒன்றே. நம்ம ஊர்லயும் இப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பையன் தப்பில்லாம படிப்பான், மெதுவா படிப்பான். அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க. தமிழும் அவ்வளவு சுலபமில்லை. ‘கோ’வில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்வது ‘க்’கை!

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு. நல்லதுதான், ஆனா அதுவரை ‘மந்தம்’னு பேர் வாங்கின பிள்ளைக்கு அது ரொம்ப லேட். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆசிரியர்கள் ஏற்கெனவே மதிப்பீடு செய்றாங்க. கூடவே ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் படிக்கிறாங்கன்னும் குறிச்சு, தொடர்ந்து பின்தங்கும் பிள்ளைகளைச் சிறப்பாசிரியரிடம் அனுப்பணும்.