எலும்பு அறியாத யந்திரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று ஓசூரில் ஒரு நண்பர் இல்லத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தோம். நண்பர் மோட்டார்த் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்ப்பவர். அவருடைய மனைவியாரும் வேறொரு தொழிற்சாலைக்குப் போகிறார். ஒருவருக்குப் பகல் ஷிப்டு என்றால் மற்றவருக்கு இரவு ஷிப்டு. வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் எல்லோரும் ஒருசேர உட்கார்ந்து உண்பது அபூர்வம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அங்கே ஒரு சின்னப் பண்டிகை.

அன்று ராகிக் களியும், 'பிச்சுப் போட்ட கோழி'யும். நண்பரின் தாயார் ஈரோட்டுப் பக்கத்தவர். வேக வைத்த கோழியை நார் நாராகப் பிய்த்து, சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் சேர்த்து வறுக்கும் அந்தக் கொங்கு நாட்டுப் பதார்த்தத்தில் கை தேர்ந்தவர். நாம் போனபோது அம்மாள் ஒரு தாம்பாளத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஆவி பறக்கும் கோழியைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகளெல்லாம் சிவந்திருந்தன. மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, கை சுட்டுப் போகுமுங்க. அதுதான் மிஷின் இருக்குதுங்களே!"

"இருக்கட்டும். எலும்பு இருக்குதா இல்லையான்னு உன்ற மிஷினுக்குத் தெரியுமா, அம்மணி?"

இந்தக் கேள்வி வெகு நியாயமானது என்றே நமக்குத் தோன்றிற்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். முதலில் மிஷின் இன்னதென்று சொல்லிவிட வேண்டும்.

அது நம் வீடுகளில் சட்டினி அரைக்கும் மிக்ஸி அன்று. கனத்த பீடத்தின் மேல் தலை கவிழ்ந்து நிற்கும் 'ஸ்டாண்டு மிக்ஸர்'. கேக் செய்வதற்காக அவ்வீட்டுக் குமாரி பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் சுமார் 40 கிலோ மீட்டர்தானே? எல்லைக்கு அந்தப் பக்கத்து மோகங்கள் இந்தப் பக்கம் வந்து சேர அதிக நேரம் பிடிப்பதில்லை.

இது வருவதற்கு முன் ஒரு தடவை சாதாரண மிக்ஸியிலேயே கோழியைப் போட்டுப் பார்த்தார்களாம். கோழித் துவையல் கிடைத்ததாம்! அதில் வியப்பில்லை. 1963-ல் ஸத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயர் 'சுமீத்' மிக்ஸியை உண்டாக்கியது, நமது மசாலாவையும் உளுந்தையும் அரைப்பதற்காக. மேல்நாட்டு யந்திரங்கள் அந்த வேலையைத் தாங்காமல் மோட்டார் எரிந்து போயின. மிக்ஸியின் கத்தி நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. அது எதையும் பிய்ப்பதில்லை, வெட்டுகிறது. இறைச்சியின் நாரைக் குறுக்கே வெட்டினால் பசைதான் மிஞ்சும்.

ஸ்டாண்டு மிக்ஸரில் கத்தியே கிடையாது. தட்டையான துடுப்பு ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி ஜில்லாவில் களி கிண்டாத வீடு ஏது? அந்தத் துடுப்புக்கு இதை ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற என்ஜினீயர், 1908-ல் ஒரு ரொட்டிக் கடைக்காரர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறித் தவிப்பதைக் கண்டு இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். 1914-ல் பெரிய ரொட்டிக் கடைகளுக்கான யந்திரம் வந்தது. வீட்டுக்கு ஏற்ற சிறிய உருவம் 1919-ல் வந்தது. சிறியது என்றாலும் அதன் எடை சுமார் 30 கிலோ! துடுப்பு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, பாத்திரத்தையும் சுற்றி வருகிறது. பூமி சூரியனைச் சுற்றுவது போல. ஆகையால் பாத்திரத்தின் எந்த மூலையும் அதற்குத் தப்புவதில்லை.

இறைச்சி நார் நாராகப் பிரிவதற்கு உண்மையான காரணம் துடுப்பு அன்று, அடுப்புத்தான். தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் சவ்வு, ஈரமான சூட்டில் வெகு நேரம் வெந்தால் கரைந்து கொழகொழப்பாகிவிடுகிறது. கட்டு அவிழ்ந்த விறகுச் சுமையை ஒரு தட்டுத் தட்டினால் போதுமல்லவா? பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் இந்தக் காரியம் சீக்கிரம் நடக்கிறது. (பிரெஸ்டீஜ் குக்கர்கள் தயாராகும் தொழிற்சாலை ஓசூரிலேயே இருப்பதால் அவ்வூரார் இதில் கொஞ்சம் கர்வப்படலாம்.) சரியாக வேகாத இறைச்சியை எந்த யந்திரத்தில் போட்டாலும் மோட்டார்தான் முனகும்.

ஆறிப் போனால் அந்தக் கொழகொழப்பு மீண்டும் இறுகிவிடும். எனவே, சூடாக இருக்கும்போதே பிய்க்க வேண்டும். கைக்குச் சங்கடமும், யந்திரத்துக்குச் சலுகையும் இங்கேதான். வெந்த நீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு, பெரிய துண்டுகளைக் கைப்பிடி அளவாக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். அரை நிமிஷத்தில் நிறுத்திப் பார்ப்பது உத்தமம். "இன்னும் கொஞ்சம்" என்று பேராசைப்பட்டால் நூல் பஞ்சாகிவிடும். வடித்த நீரைப் பிறகு சிறிது தெளித்தால் வறட்சி நீங்கும்.

இனி, அம்மாளின் கேள்விக்கு வருவோம். நம் வீடுகளில் கோழியை எலும்போடு வேக வைப்பதே வழக்கம். ருசி எலும்பில் இருக்கிறது. கையால் பிய்க்கிறவள் பிய்ப்பது மட்டுமா செய்கிறாள்? கழுத்து எலும்பின் சில்லு, விலாவின் ஊசி, குருத்தெலும்பு எல்லாவற்றையும் விரலாலேயே கண்டுபிடித்து ஒதுக்குகிறாள். யந்திரமோ எலும்பையும் சேர்த்து நொறுக்கி, நாருக்குள் ஒளித்து வைத்துவிடும். அந்த வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். அவன் தொண்டையில் ஒரு சில்லு சிக்கினால், மிச்சமான பத்து நிமிஷத்தை என்ன செய்வது?

இதைச் சொன்னதும் மாமியாருக்கும் மருமகளுக்கும் சமாதானம் ஏற்பட்டது. துண்டுகளை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, கரண்டியால் எலும்பைத் தள்ளி, பெரியம்மாள் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துக் கொடுத்தார். மீதியை மிஷின் செய்தது. மூன்று கோழிகள் நாராக இரண்டு நிமிஷங்கூட ஆகவில்லை.

அரைக் கோழிக்கு இந்த யந்திரத்தை இறக்கி வைப்பது வீண் வேலை என்பது நமது அபிப்பிராயம். இரண்டு முள்கரண்டிகள் போதும். பத்துப் பேர் வந்தால் விஷயம் வேறு.

சாப்பாடு முடிந்ததும் ஒரு காட்சியைக் கவனித்தோம். துடுப்பிலும் பாத்திரத்திலும் கொழுப்பு அப்பிக் கிடந்தது. அன்றிரவு பத்து மணி ஷிப்டுக்குப் போக வேண்டிய மருமகள்தான் வெந்நீரும் சோப்புமாக நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். நண்பர் கூடத்தில் நம்மிடம் அந்த யந்திரத்தின் பெருமையை விஸ்தாரமாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். "பாத்திரத்தைக் கழற்றுவது எப்படி?" என்று கேட்டோம். "அது அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.