வால்ட் வில்லிஸும் நம்ம சுவர் இதழும்



போன மாசம் இந்தச் சுவர் முன்னாடி நின்னு ஒரு பிளஸ் டூ அண்ணா கேட்டார்: "இதை யாருடா படிக்கிறா? இதுக்கு மார்க்கா போடப் போறாங்க?" எனக்கு அப்போ பதில் வரலை. இப்போ எழுதுகிறேன்.

வட அயர்லாந்தின் தலைநகரம் பெல்ஃபாஸ்ட். அங்கே 1919-ல் பிறந்தவர் வால்ட் வில்லிஸ். அரசு அலுவலகத்தில் வேலை. ராக்கெட், வேற்றுக்கிரகம் என்று வரும் அறிவியல் கதைகள் மேல் அவருக்குப் பைத்தியம், நமக்குக் கிரிக்கெட் மாதிரி. 1948-ல் 'ஸ்லாண்ட்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். கம்பெனி கிடையாது, லாபம் கிடையாது. ஒரு சின்ன கை அச்சு இயந்திரம் மட்டும்தான். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோர்க்க வேண்டும். எல்லாம் இடம் வலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்கும்! படங்களையும் கையால் செதுக்கித்தான் அச்சடித்தார்கள். இப்படிக் கஷ்டப்பட்டதால் சுமார் நாலு வருஷத்தில் ஏழு இதழ்தான் வந்தது. நாம மாசம் ஒரு தாள் எழுதவே "கை வலிக்குது சார்" என்கிறோம்.

கூட உழைத்த நண்பர்கள் ஜேம்ஸ் வைட், பாப் ஷா. வைட் கத்தோலிக்கர், வில்லிஸ் புராட்டஸ்டன்ட். பெல்ஃபாஸ்டில் இந்த இரண்டு பிரிவினரும் தனித்தனித் தெருவில், தனித்தனிப் பள்ளிக்கூடத்தில் பிரிந்து கிடந்த காலம் அது. 1960-களின் கடைசியில் அந்தப் பகை குண்டு, துப்பாக்கி வரைக்கும் போனது. இவர்களோ ஒரே வீட்டில் உட்கார்ந்து பத்திரிகை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த விஷயம்.

வைட், ஷா இருவரும் பிற்பாடு பேர் பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். விண்வெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதில் பல கிரகத்து நோயாளிகள் என்று கதை கதையாக எழுதியவர் வைட். உடனே "பார்த்தியா, நீயும் எழுது, பெரிய ஆள் ஆகலாம்" என்பார்கள். நான் அதைச் சொல்ல வரலை. வில்லிஸ் கதை எழுதிப் பணக்காரர் ஆகவில்லை. அரசு வேலையில்தான் இருந்தார். அப்போ அவர் உழைப்பு வீணா?

1952-ல் அமெரிக்காவில் சிகாகோவில் அறிவியல் கதை ரசிகர்கள் மாநாடு. டிக்கெட்டுக்கு வில்லிஸிடம் பணம் இல்லை. அவர் எழுத்தைப் படித்த அமெரிக்க ரசிகர்கள் தங்களுக்குள் வசூல் பண்ணி அவரை வரவழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை! கடல் தாண்டி அவ்வளவு சிநேகிதம், வெறும் காகிதத்தால்.

அதே வருஷம் 'ஹைஃபன்' என்ற அடுத்த பத்திரிகையை ஆரம்பித்தார். இந்தத் தடவை எழுத்துக் கோர்க்கவில்லை, சைக்ளோஸ்டைல் மெஷின்தான். ஆகவே, சுவர் இதழைக் கம்ப்யூட்டரில் டைப் பண்ணலாமா கூடாதா என்று நாம சண்டை போடுவது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. எதில் எழுதினாலும் சரி, எழுதுவது நம்முடையதாக இருக்கணும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாசம் முன்னாடி என் பேரில் வந்த 'உங்களுக்குத் தெரியுமா?' முழுக்க ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியது. கையெழுத்து மட்டும்தான் என்னுது. யாரும் கண்டுபிடிக்கலை, யாரும் திட்டலை, யாரும் பாராட்டவும் இல்லை. அந்த அண்ணா கேட்டது நியாயம்தானே? யாரோ எழுதியதை எதுக்கு நின்னு படிக்கணும்?

வில்லிஸ் மாதிரி ஆட்களின் பத்திரிகைகளில் வாசகர் கடிதங்களுக்குப் பெரிய இடம் உண்டு. கிண்டல், சண்டை, பதிலுக்குப் பதில் எல்லாம் வரும். நம்ம இதழில் அது சுத்தமாக இல்லை. தமிழ் ஐயாவிடம் அனுமதி கேட்டேன். "கெட்ட வார்த்தை மட்டும் வரக்கூடாது" என்றார்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் நூலில் பேனா தொங்குகிறது. திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்க, பேரும் வகுப்பும் போடுங்க. அண்ணா, முதல் இடம் உங்களுக்குத்தான்.

– 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு