ட்ரோனை வீழ்த்துவது இருக்கட்டும்... முதலில் அது ட்ரோன்தானா?

2018 டிசம்பர் 19, இரவு 9 மணி. லண்டனுக்கு அருகே உள்ள கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பறப்பதாகத் தகவல் வருகிறது. உடனே ஓடுபாதையை மூடுகிறார்கள். நள்ளிரவு தாண்டித் திறக்கிறார்கள், சிறிது நேரத்திலேயே மறுபடி மூடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் கிளம்பிய சுமார் 1,40,000 பயணிகள் தவித்துப்போனார்கள். ஏறக்குறைய 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன.

சரி, அந்த ட்ரோனைப் பிடித்தார்களா? இல்லை. அருகில் வசித்த ஒரு தம்பதியைக் கைது செய்து, அவர்களுக்குத் தொடர்பில்லை என்று விடுவித்தார்கள். அதற்காகக் காவல்துறை இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்த்து 2 லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. 'ட்ரோனே இல்லாமலும் இருந்திருக்கலாம்' என்று ஒரு போலீஸ் அதிகாரி சொல்ல, பிறகு அது மறுக்கப்பட்டது. கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஏராளம். ஆனால், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு படம்கூட வெளியாகவில்லை. 2019 செப்டம்பரில், குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை முடிந்தது.

ட்ரோன் ஆபத்து என்றாலே ஜாமர், லேசர், சுட்டு வீழ்த்துவது என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஆனால் கேட்விக் சொல்லும் பாடம் வேறு. மேலே என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லாததுதான் அங்கே பெரிய பிரச்சினை.

ஏர்போர்ட்டில்தான் ரேடார் இருக்கே?

இருக்கிறது. ஆனால் அது பெரிய விமானங்களுக்கானது. பயணிகள் விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி உண்டு. தரையிலிருந்து சிக்னல் போனதும் 'நான் இன்னார், இந்த உயரத்தில் இருக்கிறேன்' என்று அதுவே பதில் சொல்லிவிடும். கடையில் வாங்கும் சின்ன ட்ரோனில் அது கிடையாது.

டிரான்ஸ்பாண்டரை விட்டுவிட்டு, பட்டுத் திரும்பும் அலையை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். ரேடாரின் பார்வையில் ஒரு சின்ன ட்ரோனின் அளவு சுமார் 0.01 சதுர மீட்டர். ஒரு பறவைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். போதாக்குறைக்கு அது தாழ்வாக, மெதுவாகப் பறக்கும். கட்டடம், மரம், பறவை எல்லாம் திரையை நிரப்பிவிடாமல் இருக்க, மெதுவாக நகரும் சின்னப் பொருட்களை வடிகட்டும்படிதான் பெரிய ரேடார்களை அமைத்திருப்பார்கள். அந்த வடிகட்டலில் ட்ரோனும் சேர்ந்து காணாமல்போகிறது.

குட்டி ரேடார் என்ன செய்யும்?

ட்ரோனுக்காகவே வந்திருக்கும் சிறிய ரேடார்களில் பல, சூட்கேஸ் அளவுக்குள் அடங்கும் தட்டையான பலகைகள். சுழலும் தட்டு தேவையில்லை. அலைக்கற்றையை மின்னணு முறையிலேயே திருப்பி, ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பத் துழாவும். நாலு திசைக்கும் நாலு பலகை வைத்தால் சுற்றிலும் சில கிலோமீட்டர் தூரத்தைக் கவனிக்கலாம்.

அப்போ பறவையை எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் மைக்ரோ-டாப்ளர் கைகொடுக்கிறது. ட்ரோனின் விசிறிகள் வேகமாகச் சுழல்வதால், திரும்பி வரும் அலையில் நுணுக்கமான அதிர்வெண் மாற்றங்கள் பதிவாகும். பறவையின் சிறகடிப்பு பதிக்கும் தடம் வேறு மாதிரி. மென்பொருள் இந்த இரண்டையும் ஒப்பிட்டு, 'ட்ரோனாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று சொல்லும். இருட்டிலும் புகைமூட்டத்திலும் வேலை செய்யும் என்பது கூடுதல் பலம்.

நம்ம ஊரில் என்ன நிலைமை?

2023 நவம்பரில் இம்பால் விமான நிலையம் அருகே அடையாளம் தெரியாத பொருள் பறப்பதாகச் சொல்லி, சில மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதைத் தேட ரஃபேல் போர் விமானங்களே அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போடப்பட்டது. ஒன்று தெளிவில்லாத பயம், இன்னொன்று நிஜமான தாக்குதல். இரண்டுக்கும் முதலில் தேவை, மேலே இருப்பது என்ன என்ற பதில்தான்.

2021 ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்தன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கவிடலாம். நல்ல விதிதான். ஆனால், எங்கே பறக்கலாம் என்றுதான் வரைபடம் சொல்லும். இப்போது யார் பறக்கவிடுகிறார்கள் என்று சொல்லாது. கண்காணிக்க வழியில்லாத இடத்தில் அதிகாரிகளுக்குக் கைவசம் இருப்பது ஒரே ஆயுதம்: ஒட்டுமொத்தத் தடை. அதில் அடிபடுவது விஷமி அல்ல. கல்யாணத்துக்குப் படம் எடுப்பவரும், வயலுக்கு மருந்து தெளிப்பவரும், நிலம் அளக்கும் ஸ்டார்ட்அப்பும்தான்.

குட்டி ரேடாருக்கும் குறைகள் உண்டு. கட்டடத்துக்குப் பின்னால் இருப்பதை அது பார்க்காது. அசையாமல் நிற்கும் ட்ரோனைச் சில நேரம் தவறவிடும். ஓட்டுவது யார் என்றும் சொல்லாது. எனவே கேமராவும், ட்ரோனுக்கும் ரிமோட்டுக்கும் இடையிலான சிக்னலைப் பிடிக்கும் கருவியும் கூடவே வேண்டும். அமெரிக்காவில் பதிவு செய்யவேண்டிய ட்ரோன்கள் பறக்கும்போதே தங்கள் அடையாளத்தை ஒலிபரப்ப வேண்டும் என்பது விதி. அப்படிச் செய்தால், ரேடாரில் தெரிந்தும் அடையாளம் சொல்லாத ட்ரோனை மட்டும் தேடினால் போதும்.

'இதுவும் இன்னொரு உளவுக்கருவிதானே?' என்று கேட்கலாம். ரேடார் திரையில் முகம் தெரியாது, ஒரு புள்ளிதான் தெரியும். ஆனால் கூடவே வரும் கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்பதை விதியாக எழுதியே ஆக வேண்டும்.

ஜாமரை முதலில் வாங்கி, கண்காணிப்பைப் பிறகு யோசிப்பது தலைகீழ் வரிசை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கண்மூடித்தனமாக ஜிபிஎஸ்ஸை முடக்கினால், தரையிறங்கும் விமானத்துக்கே அது தொல்லையாகலாம். எனவே, முதல் செலவு கண்டறிவதற்காக இருக்கட்டும். ரேடார் தரும் எச்சரிக்கை விமானக் கட்டுப்பாட்டு அறைக்கும் போலீஸுக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். ஓடுபாதையை மூடினால், என்ன தெரிந்தது, எதை வைத்து மூடினார்கள் என்று பயணிகளுக்குப் பிறகாவது சொல்லட்டும். டிக்கெட் வாங்கியவர்கள் அந்தப் பதிலைக் கேட்பதில் தப்பே இல்லை.