ரேட்டிங் ஏறவே மாட்டேங்குதா? தோற்ற ஆட்டத்தைத் திறந்து பாருங்க!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் இ-ஏலம் நடக்கும்போது, பட்டனை அழுத்த வியாபாரிகளுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். ஆனால், யாரும் குத்துமதிப்பாக அழுத்துவதில்லை. சாம்பிள் காயைக் கையில் எடுத்து, நிறத்தையும் பருமனையும் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் வருஷக்கணக்கான பழக்கம் இருக்கிறது.

செல்போனில் செஸ் ஆடும் நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பழக்கம் வருவதற்கு முன்பே மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஆட்டம் என்று இறங்கிவிடுகிறோம். பிறகு, ‘ஆயிரம் ஆட்டம் ஆடியாச்சு, ரேட்டிங் மட்டும் அப்படியே நிக்குது’ என்று புலம்புகிறோம்.

ஆன்லைன் செஸ் ஒன்றும் இளப்பமான விஷயமில்லை. 2022 பிப்ரவரியில், 16 வயது பிரக்ஞானந்தா மேக்னஸ் கார்ல்சனை வீழ்த்தியது ஆன்லைன் போட்டியில்தான். அதில் ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 நொடி. அவர்களுக்கே அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு நிமிடம் போதுமா?

ஸ்டைலா, பழக்கதோஷமா?

‘நான் அட்டாக்கிங் பிளேயர்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொண்டுவந்து, நான்காவதில் ‘மேட்’ வைக்கப் பார்ப்பார்கள். எதிராளி புதியவர் என்றால் பலிக்கும். விவரமானவர் என்றால், அவர் குதிரைகளை வெளியே எடுக்க எடுக்க, ராணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் நிஜமான ஸ்டைல் தெரிய வேண்டுமா? கடைசியாகத் தோற்ற 10 ஆட்டங்களைத் திறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: தொடக்கத்திலேயே சொதப்பலா, காயைச் சும்மா கொடுத்தோமா, நேரம் தீர்ந்துபோச்சா? பத்தில் ஆறு முறை ஒரே காரணம் வந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

‘லீசெஸ்’ தளத்தில் விளம்பரத் தொல்லையும் இல்லை, கட்டணமும் இல்லை. கம்ப்யூட்டரே தவறுகளைக் காட்டிவிடும். ஆனால், அதைத் தட்டுவதற்கு முன் நீங்களே தேடுங்கள். குகேஷின் ரேட்டிங் 2,500-ஐ நெருங்கும்வரை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை செஸ் இன்ஜின் பக்கமே விடவில்லை. சொந்தமாக யோசித்துப் பழகட்டும் என்பதுதான் காரணம்.

பொறுமைக்குப் பரிசு

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். இருந்தாலும் ‘டிரா’தான் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 58-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்! ஒரு குதிரை போனதும் ‘ரிசைன்’ தட்டுகிறவர்கள் இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு...

போடிமெட்டுக்குப் போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், மேலே ஏலத் தோட்டங்களிலும் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், கடிகாரம் நிற்காது. ஜெயிக்க வேண்டிய ஆட்டம்கூட நேரம் தீர்ந்து தோல்வியாகிவிடும். அதற்கு ‘டெய்லி’ ஆட்டம் இருக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள்கூட அவகாசம் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் யோசித்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நகர்த்தலாம். யோசிக்கும் பழக்கமும் தானாக வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ராத்திரி தோற்ற கோபத்தில் ‘ரீமேட்ச்’ தட்டுவதுதான் ரேட்டிங்கையும் தூக்கத்தையும் சேர்த்தே கெடுக்கிறது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். காலையில் டீ குடிக்கும்போது அந்த இரண்டையும் திறந்து பாருங்கள். எங்கே கோட்டை விட்டோம் என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.