ட்ரையர் ஓடலையா? ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி...

இன்ஜினியரிங் படிக்கிற எல்லார் கிட்டயும் சொந்தக்காரங்க கேக்குறது ரெண்டே கேள்வி. ஒண்ணு, "கேம்பஸ்ல வேலை கிடைச்சுதா?" இன்னொண்ணு, வீட்ல எது ஓடலைன்னாலும், "நீ இன்ஜினியருக்குத்தானே படிக்கிற, கொஞ்சம் பாரேன்." முதல் கேள்விக்கு நாலு வருஷமா தயாராகுறோம். ரெண்டாவது கேள்வியை மீம் போட்டுச் சிரிச்சிட்டு விட்டுடுறோம். "நாங்க படிக்கிறது தியரி, ஃபேன் ரிப்பேர் பண்றதுக்கு இல்ல"ன்னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கு. அந்தப் பதில் தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதுக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிறேன்: துணி பிழியுற ட்ரையர்.

எந்த ட்ரையர்னு முதல்ல சொல்லிடுறேன். இங்கிலீஷ் படங்கள்ல வர்ற ட்ரையர் ஒரு தனிப் பெட்டி. உள்ளே சூடான காத்து வரும், ட்ரம் மெதுவா உருளும், துணி முழுசா காய்ஞ்சு வெளியே வரும். நம்ம ஊர் வீடுகள்ல அது அபூர்வம். நாம ட்ரையர்னு சொல்றது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்ல பக்கத்துல இருக்குற சின்ன டப்பை. அதுல ஹீட்டர் கிடையாது. துணியை வேகமா சுத்தி தண்ணியை வெளியே தள்ளும், அவ்வளவுதான். ஆனா அதுவே பெரிய வேலை. 50 ஹெர்ட்ஸ் சப்ளைல நாலு போல் மோட்டாரோட சிங்க்ரனஸ் ஸ்பீடு 1500 ஆர்பிஎம். ஸ்லிப் போக 1350னு வைங்க. டப்போட ஆரம் 12 சென்டிமீட்டர்னு வச்சு கணக்குப் போட்டா, உள்ளே இருக்குற துணி மேல புவியீர்ப்பை விட சுமார் 240 மடங்கு முடுக்கம் வருது. கையால எவ்வளவு முறுக்கிப் பிழிஞ்சாலும் அந்த அளவுக்குத் தண்ணி போகாது.

இவ்வளவு வேலை செய்யுற மெஷினோட பின்பக்க மூடியை நாலஞ்சு ஸ்க்ரூ கழட்டித் திறந்து பாத்தா ஆச்சரியமா இருக்கும். உள்ளே கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. கீழே ஒரு மோட்டார். அது மூணு ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கும். மோட்டார் ஷாஃப்டையும் டப்பையும் சேர்க்குற ஒரு கப்ளிங். அந்தக் கப்ளிங்கைப் பிடிக்கிற ஒரு பிரேக். மூடியைத் திறந்தா சப்ளையை நிறுத்துற ஒரு சுவிட்ச், அதே மூடியில இருந்து பிரேக்குக்குப் போற ஒரு கம்பி. மேலே சாவி கொடுத்த மாதிரி ஓடுற ஒரு டைமர். அப்புறம் ஒரு கண்டென்சர், அதாவது நம்ம புக்ல இருக்குற கெப்பாசிட்டர். போர்டு இல்ல, சாஃப்ட்வேர் இல்ல. இதுல எது போனாலும் மெஷினே சொல்லிடும். நாம காது கொடுத்துக் கேக்கணும்.

டைமரைத் திருப்பினா சத்தமே வரலையா? கரன்ட் மோட்டார் வரைக்கும் போகல. பிளக், டைமர், மூடி சுவிட்ச், எலி கடிச்ச வயர், இதுல ஏதோ ஒண்ணு. இல்லன்னா மோட்டாருக்குள்ளேயே எங்கேயோ சர்க்யூட் கட் ஆகியிருக்கு. "ம்ம்ம்"னு முனகுது, ஆனா சுத்தலையா? கரன்ட் போகுது, கிளம்ப முடியல. அப்போ பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடியை மூடிட்டு, பின்பக்கம் அந்தக் கப்ளிங்கைக் கையால சுத்திப் பாருங்க. மூடி திறந்திருந்தா பிரேக் பிடிச்சிருக்கும், அதனால மேலே இருந்து டப்பைச் சுத்திப் பாத்து ஏமாறாதீங்க. லேசா சுத்துச்சுன்னா முதல் சந்தேகம் கண்டென்சர் மேல. இறுக்கமா இருந்தா பிரேக் கம்பி அறுந்திருக்கும், இல்ல தளர்ந்திருக்கும், இல்ல ஒரு கர்ச்சீஃபோ சாக்ஸோ டப்புக்கு அடியில போய் மாட்டியிருக்கும். அதுவும் இல்லன்னா வாட்டர் சீல் கிழிஞ்சு, தண்ணி மோட்டார் மேல சொட்டி, புஷ் துருப்பிடிச்சிருக்கும். நல்லா சுத்துது ஆனா மெஷினே நடந்து போகுதா? துணியைச் சரியா பரப்பிப் போடலை, இல்ல அந்த மூணு ஸ்பிரிங்ல ஒண்ணு போயிடுச்சு.

போன ஐப்பசி மழையில மயிலாடுதுறையில சித்தி வீட்டு ட்ரையர் நின்னு போச்சு. ரெண்டு பசங்களோட யூனிஃபார்ம், சித்தப்பாவோட டிப்போ சட்டை, எல்லாத்தையும் சித்தி கையால பிழிஞ்சு ஃபேன் அடியில காயப் போட்டாங்க. ஏற்கெனவே அவங்களுக்குத் தோள்பட்டை வலி. சர்வீஸுக்கு ஃபோன் பண்ணி, வந்தவர் சுவிட்சைப் போட்டுப் பாத்தார். "மோட்டார் போயிடுச்சு, பழைய மெஷின், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்"னு சொல்லிட்டு, வந்ததுக்கான சார்ஜை வாங்கிட்டுக் கிளம்பிட்டார். பின்பக்க மூடியைத் தொடவே இல்ல.

நான் லீவுக்குப் போனப்போ சித்தி கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நிக்கிறதுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சு சித்தி?" அவங்க சொன்னாங்க: "ரெண்டு மாசமாவே கிளம்ப முனகுச்சும்மா. ரெண்டு சட்டை மட்டும் போட்டா கிளம்பும், ஒரு பெட்ஷீட் போட்டா கிளம்பாது." முக்கால்வாசி பதில் அங்கேயே வந்துடுச்சு. கிளம்புற நேரத்துல டார்க் பத்தலை. திறந்து, கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணி, மல்டிமீட்டர்ல வச்சா, 5 மைக்ரோஃபாரட்னு அச்சடிச்சிருந்தது 1 கூட காட்டல. மோட்டார்ல இருந்து வர்ற மூணு வயரையும் ஜோடி ஜோடியா அளந்தேன். மூணுலயும் ரீடிங் வந்துச்சு. பெரிய ரீடிங், மத்த ரெண்டையும் கூட்டினா வர்ற அளவு. அப்படின்னா ரெண்டு காயிலும் அறுந்து போகல. பாடிக்கும் வயருக்கும் நடுவுல கனெக்‌ஷன் இல்ல. மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. கடைத்தெருவுல அதே அளவு, அதே வோல்டேஜ் கண்டென்சர் நூறு ரூபாய்க்குள்ள கிடைச்சது. அன்னைக்குச் சாயங்காலம் பெட்ஷீட் போட்டே ஓடுச்சு. சித்தி கேட்டாங்க: "ஏம்மா, அந்தத் தம்பி இதைத் திறந்து பாக்காமலேயா மோட்டார்னு சொன்னாரு?"

அந்தத் தம்பியைத் திருடன்னு நான் சொல்ல வரலை. ஒரு நாளைக்கு இத்தனை வீடுன்னு கணக்கு வச்சு ஓட வேண்டிய வேலை அது. உட்கார்ந்து கதை கேக்க நேரம் இருக்காது. ஆனா ரெண்டு மாசமா மெஷினைத் தினமும் கேட்டுக்கிட்டிருந்தது சித்திதான். அவங்க கிட்ட இருந்த தகவலை யாரும் கேக்கல, அது தகவல்தான்னு அவங்களுக்கும் யாரும் சொல்லல. அந்த இடைவெளியிலதான் நல்ல மோட்டார் காயலான் கடைக்குப் போகுது, குடும்பத்துக்குப் புது இஎம்ஐ வருது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானா ஏன் கிளம்பாதுன்னு எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பேப்பர்ல 13 மார்க்குக்கு எழுதியிருக்கோம். ஒரே வைண்டிங்கோட ஃபீல்டை எதிரெதிரா சுத்துற ரெண்டு ஃபீல்டா பிரிக்கலாம், நின்னுட்டிருக்கும்போது ரெண்டோட டார்க்கும் சமம், அதனால மொத்தம் ஜீரோ. கண்டென்சர் ரெண்டாவது வைண்டிங்கோட கரன்டை ஃபேஸ்ல முன்னாடி தள்ளி ஒரு பக்கமா சுத்த வைக்குது. படத்தோட எழுதினா முழு மார்க். சித்தி வீட்டு "ம்ம்ம்" சத்தம் அந்தப் பதிலேதான், வேற எதுவும் இல்ல. ஆனா அந்தச் சத்தத்தைக் கேட்டு அந்த 13 மார்க்கை ஞாபகப்படுத்திக்க நம்மள்ல எத்தனை பேரால முடியும்?

முடியாததுக்குக் காரணம் நமக்கு மூளை இல்லாதது இல்ல. நம்ம லேப் அப்படி. ஓடுற மெஷின், சரியான சர்க்யூட் டயகிராம், ஏற்கெனவே சீனியர்ஸ் எழுதி வச்ச ரீடிங். எல்லாம் சரியா இருக்குற இடத்துல, சரியா இருக்குன்னு நிரூபிச்சு சைன் வாங்குறோம். மீட்டர் தப்பா காட்டினா வேற மீட்டர் கொடுப்பாங்க, ஏன் தப்பா காட்டுதுன்னு கேக்க அந்த ஹவர்ல நேரம் கிடையாது. நாலு வருஷத்துல கெட்டுப்போன ஒரு பொருளை முன்னாடி வச்சு "என்ன போச்சுன்னு சொல்லு"ன்னு ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட் கூட இல்ல. ஆனா வேலைக்குப் போனா முதல் நாள்ல இருந்து கேக்கப் போற கேள்வி அதுதான், அது பம்பா இருந்தாலும் சரி, கோடா இருந்தாலும் சரி.

"ஷாக் அடிச்சா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனால சில விஷயத்துல விட்டுக்கொடுக்கவே கூடாது. சுவிட்சை ஆஃப் பண்ணினா போதாது, பிளக்கையே பிடுங்கணும். கண்டென்சரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு ரெசிஸ்டரோ பழைய குண்டு பல்போ வச்சு டிஸ்சார்ஜ் பண்ணணும். ஈரத் தரையில உட்கார்ந்து வேலை பாக்கக் கூடாது. திரும்ப மூடினதும் மூணு பின் பிளக்கோட எர்த், மெஷின் பாடி வரைக்கும் போகுதான்னு மீட்டர்ல பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, மூடி சுவிட்சை ஷார்ட் பண்ணி ஓட்டவே கூடாது. "சுவிட்ச் போச்சு, நேரா சேத்துட்டேன்"னு பெருமையா சொல்றவங்களைப் பாத்திருக்கேன். அந்த டப்போட ஓரம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போகுது. சுத்திக்கிட்டிருக்கும்போது ஒரு குழந்தை கையை விட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. வாரன்டி இருக்குற மெஷினைத் திறக்காதீங்க, அதுக்குக் காசு ஏற்கெனவே கொடுத்தாச்சு.

"அப்போ மெக்கானிக் பொழப்பு?"ன்னு இன்னொரு கேள்வி. இதுல என் கருத்து நேர் எதிர். தெருமுனையில கடை வச்சிருக்குற மெக்கானிக் அண்ணன்கள் மோட்டாரைப் பிரிச்சு காயில் கட்டுவாங்க, புஷ் மாத்துவாங்க. அதை நாம வீட்ல செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். "காயில்தான் போயிருக்கு, கட்டிக் கொடுங்கண்ணா"ன்னு மோட்டாரைக் கழட்டி எடுத்துட்டுப் போனா அவங்களுக்கு வேலை வருது. "மோட்டார் போச்சு, புதுசு வாங்குங்க"ன்னு சொன்னதை நம்பினா அவங்களுக்கும் வேலை இல்ல, நமக்கும் காசு இல்ல. நானே சரி பண்ணுவேன்ங்கிறதை விட, என்ன போச்சுன்னு எனக்குத் தெரியும்ங்கிறதுதான் முக்கியம்.

அரசாங்கங்களும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கு. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைச்சது. விவசாயக் கருவிகள், மொபைல், வாகனங்களோட வீட்டு உபயோகப் பொருட்களும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்துல, அதுக்கான இணையதளம் தொடங்கினாங்க. ஐரோப்பிய யூனியன் 2024ல போட்ட சட்டத்துல வாஷிங் மெஷினோட, நான் முதல்ல சொன்ன சூடான காத்து ட்ரையரும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா உரிமை மட்டும் இருந்து, திறந்து பாக்கத் தெரியலைன்னா, அந்த உரிமையை வச்சு என்ன பண்றது? சட்டம் ஸ்பேர் பார்ட்டை வாங்கிக் கொடுக்கலாம். எந்தப் பார்ட்னு நாமதான் சொல்லணும்.

2009ல ஆம்ஸ்டர்டாம்ல மார்ட்டின் போஸ்ட்மாங்கிற பத்திரிகையாளர் "ரிப்பேர் கஃபே"னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கெட்டுப்போன பொருளோட வர்றவங்களும், சரி பண்ணத் தெரிஞ்சவங்களும் ஒரே மேசையில உட்காருவாங்க. இன்னைக்கு அது பல நாடுகள்ல நடக்குது. நமக்கு மேசை, மீட்டர், லேப், சனிக்கிழமை மத்தியானம் எல்லாமே இருக்கு. மாசத்துல ஒரு சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் மெஷின்ஸ் லேபைத் திறந்து விடச் சொல்லி டிபார்ட்மென்ட் கிட்ட கேக்கலாம். லேப் அசிஸ்டென்ட் அண்ணா கூட இருக்கட்டும். நம்ம ஏரியா மெக்கானிக் ஒருத்தரை கெஸ்ட் லெக்சரருக்குக் கொடுக்குற அதே மரியாதையோட, அதே பணத்தோட கூப்பிடலாம். ஃபர்ஸ்ட் இயர் பசங்க வீட்ல இருந்து மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ்னு எடுத்துட்டு வரட்டும்.

முதல் மெஷின் கூட ரெடி. ஹாஸ்டல் ரெண்டாவது மாடியில "ட்ரையர் வொர்க் ஆகாது"ன்னு ஒட்டின பேப்பர் மஞ்சளாகிப் போச்சு. வார்டன் கிட்ட பர்மிஷன் கேட்டு லெட்டர் எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துப் போட விருப்பம் இருக்குறவங்க வாங்க. அறிகுறியையும் சொல்லிடுறேன்: டைமரைத் திருப்பினா முனகுது, சுத்த மாட்டேங்குது. பிளக்கைப் பிடுங்கி மூடியை மூடிட்டுப் பின்பக்கம் சுத்திப் பாத்தா இறுக்கமா இருக்கு. அப்போ கண்டென்சர் இல்ல. வேற என்னவா இருக்கும்னு யோசிச்சுட்டு வாங்க.