அனிமேஷன் வரைய வேண்டிய மாணவர்கள்

கறுப்பின அமெரிக்கர்களின் உரிமைப் போராட்டத்தைக் குழந்தைகளுக்குச் சொல்ல 1999இல் வந்த அனிமேஷன் படம் ‘அவர் ஃபிரெண்ட், மார்ட்டின்’. காலத்தில் பின்னோக்கிச் செல்லும் சிறுவர்கள், மார்ட்டின் லூதர் கிங்கைக் கொலையிலிருந்து காப்பாற்ற நினைத்து, சிறுவனாக இருக்கும் அவரை நிகழ்காலத்துக்கு அழைத்துவந்துவிடுகிறார்கள். விளைவு, நிறப் பிரிவினை இன்றுவரை தொடர்கிறது. நல்ல நோக்கத்தில் எடுத்த படம்தான். ஆனால், ஒருவர் இல்லையென்றால் எதுவுமே நடந்திருக்காது என்று அது குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறது. வரலாறு அப்படி நடக்கவில்லை.

1951 ஏப்ரல் 23. கிங் அப்போது இறையியல் மாணவர். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில், சுமார் 180 பேருக்காகக் கட்டிய மோட்டன் பள்ளியில் ஏறத்தாழ 450 கறுப்பின மாணவர்கள் படித்தார்கள். இடம் போதாமல், தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளிலும் வகுப்புகள் நடந்தன. அன்று, பேருந்து நிலையத்தில் மாணவர்களுக்குப் பிரச்சினை என்று ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பு. தலைமை ஆசிரியர் கிளம்பிப் போனார். அவர் பெயரில் ஒவ்வொரு வகுப்புக்கும் சீட்டு வந்தது. எல்லோரும் அரங்கில் கூடினார்கள். திரை விலகியபோது மேடையில் நின்றவர் 16 வயது பார்பரா ஜான்ஸ். அன்று தொடங்கிய வகுப்புப் புறக்கணிப்பு வழக்காகி, 1954இல் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்த பிரவுன் வழக்கோடு இணைந்தது.

ரகசியமாகத் திட்டமிட்ட அந்தக் கூட்டத்துக்குச் செய்திக் கேமரா எப்படி வந்திருக்கும்? கிரீன்ஸ்பரோ நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று உல்வொர்த் கடையில், வெள்ளையர்களுக்கு மட்டுமான உணவு மேடை முன் நான்கு கறுப்பின மாணவர்கள் அமர்ந்தார்கள். நாம் அடிக்கடி பார்க்கும் புகைப்படமோ மறுநாள் எடுத்தது. முதல் நாள் நால்வரில் இருவர்தான் அதில் இருக்கிறார்கள். கேமரா தவறவிட்ட இத்தகைய தருணங்கள்தாம் அனிமேஷனுக்குரிய களம்.

நாஷ்வில்லில் ஜேம்ஸ் லாசன் நடத்திய அறப்போராட்டப் பயிற்சி வகுப்புகளும் அப்படித்தான். நாக்பூரில் மிஷனரியாக இருந்து காந்திய வழிகளைக் கற்றுத் திரும்பியவர் அவர். அவருடைய வகுப்பில் சில மாணவர்கள் வெள்ளையர்களாக நடித்துச் சக மாணவர்களைத் திட்டினார்கள், முகத்தில் புகை ஊதினார்கள், நாற்காலியிலிருந்து தள்ளினார்கள். திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருப்பதற்கே அத்தனை ஒத்திகை தேவைப்பட்டது. அசையாமல் இருக்கும் உடலுக்குள் ஓடும் பயத்தை, ஸ்டூல் விளிம்பை இறுகப் பற்றும் விரல்களை, ஓவியர் வேண்டிய மட்டும் நிறுத்திக் காட்டலாம். துணிச்சல் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை, சேர்ந்து பயிற்சி செய்து பெறுவது என்பது அப்போது பார்க்கும் பிள்ளைக்குப் புரியும்.

குழந்தைகளுக்கான படம் என்பதற்காக வெற்றியோடு கதையை நிறுத்தவும் கூடாது. வெள்ளையர் பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைத் தடுக்க, ஃபார்ம்வில் அமைந்துள்ள பிரின்ஸ் எட்வர்டு வட்டார நிர்வாகம் 1959இல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பே நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, 1964இல் அந்தப் பள்ளிகள் மீண்டும் திறந்தன.