பெங்களூரு கோர்ட்டுக்கு என்னய்யா அதிகாரம்?

"தமிழ்நாட்டுல நடந்த விஷயம், தமிழ்நாட்டு முதலமைச்சரா இருந்தவங்க, இதுக்கு பெங்களூருல உக்காந்து தீர்ப்பு சொல்ல அவங்க யாரு?"

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைப் பத்திப் பேச்சு வந்தா இந்தக் கேள்வியும் கூடவே வந்துடும். 2014 செப்டம்பர் 27-ல் நீதிபதி குன்ஹா நாலு வருஷம் ஜெயில், நூறு கோடி அபராதம்னு தீர்ப்பு சொன்னப்போ காவிரியைக்கூட இதுக்குள்ள இழுத்தவங்க உண்டு. :-)

கேள்வி தப்பில்லை. ஆனா பதில் தெரிஞ்சுக்கிட்டு கேட்கணும்.

ஊழல் வழக்கை சாதாரண கோர்ட் விசாரிக்க முடியாது. 1988-ம் வருட ஊழல் தடுப்புச் சட்டப்படி ஸ்பெஷல் ஜட்ஜ்தான் விசாரிக்கணும். அவரை ஒரு பகுதிக்கும் நியமிக்கலாம், ஒரு குறிப்பிட்ட வழக்குக்காகவோ வழக்குத் தொகுப்புக்காகவோகூட நியமிக்கலாம். 1997-ல் திமுக அரசு இப்படித்தான் மூன்று ஸ்பெஷல் ஜட்ஜுகளை நியமித்தது. "எனக்குன்னே கோர்ட்டு கட்டறாங்க"ன்னு ஜெயலலிதா தரப்பு சுப்ரீம் கோர்ட் வரை போனது. நடுவில் 1999 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டு அந்த வழக்குகளை அந்த மூவரிடமிருந்து மாற்றிவிட்டது. அப்போ சட்ட அமைச்சர் யார்? அதிமுகவின் தம்பிதுரை! அதே வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட், மாநில அரசின் நியமனம் செல்லும், மத்திய அரசின் உத்தரவு செல்லாதுன்னு முடிச்சு வெச்சது.

சரி, சென்னை ஸ்பெஷல் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்ததுல்ல, அப்புறம் எதுக்கு பெங்களூரு?

இங்கேதான் விஷயமே இருக்கு. 2001-ல் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரே முதலமைச்சர். வழக்கை நடத்தும் போலீஸ், அரசு வக்கீல் எல்லாம் அவர் அரசின் கீழ். ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அதில் 64 பேர் பல்டி. அரசு வக்கீல் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. திமுகவின் அன்பழகன் மனு போட, 2003 நவம்பர் 18-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கைக் கர்நாடகாவுக்கு மாற்றியது. வழக்கை மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற அதற்கு அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 406-வது பிரிவே அதிகாரம் கொடுத்திருந்தது. ஆக, பெங்களூரு கோர்ட் தானா வந்து மூக்கை நுழைக்கவில்லை.

என் கருத்து இதுதான். குற்றம் நடந்த ஊர்ல விசாரிக்கணும்ங்கறது சாட்சிக்கும் எதிரிக்கும் வசதிக்காக வெச்ச ஏற்பாடு. அந்த ஊர்லயே சாட்சி வாயைத் திறக்க முடியலைன்னா அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

அதுக்காக அதிகாரக் கேள்வியே வெட்டி வேலைன்னு நான் சொல்ல வரலை. 2015-ல் ஹைகோர்ட் அப்பீலில் பவானி சிங் அரசுத் தரப்பு வக்கீலாக நின்றார். அவரை நியமித்தது தமிழக அரசு. வழக்கை நடத்தும் பொறுப்போ கர்நாடகாவோடது. அந்த நியமனம் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2015 ஏப்ரல் 27-ல் சொன்னது. அப்படிச் சொல்லும்போது வாதமெல்லாம் முடிந்து தீர்ப்பு மட்டும்தான் பாக்கி! பதினாலே நாளில், மே 11-ல், எல்லாரும் விடுதலை. இந்தக் கேள்வியை முதல் நாளே தீர்த்திருக்க வேண்டாமா?

இந்த தாமதத்துக்கு விலை என்ன தெரியுமா? 1997-ல் குற்றப்பத்திரிகை. சுப்ரீம் கோர்ட்டின் கடைசித் தீர்ப்பு 2017 பிப்ரவரி 14. இருபது வருஷம்! மற்ற மூவர் ஜெயிலுக்குப் போனார்கள். முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் 2016 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார், அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. அவர் நிரபராதின்னு நம்பறவங்களுக்கும் நிம்மதி இல்லை, குற்றவாளின்னு நம்பறவங்களுக்கும் நிம்மதி இல்லை.

2018-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தி, ரெண்டு வருஷத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்கணும், நீட்டித்தாலும் சாதாரணமா நாலு வருஷத்தைத் தாண்டக் கூடாதுன்னு சேர்த்தாங்க. நல்லது. கூடவே இன்னொண்ணும் வேணும். எந்த கோர்ட், எந்த வக்கீல், எந்த அரசுங்கற கேள்வியை எல்லாம் சாட்சி விசாரணை தொடங்கும் முன்னாடியே, நாள் குறிச்சு, ஒரே தடவையில் தீர்த்துடணும். அப்புறம் வாய்தா கேக்க அது சாக்கா இருக்கக் கூடாது.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, எந்தக் கட்சிக்காரனும் இல்லை. சட்டம் படிச்ச பதிவர்கள் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம். :-)